பழைய குழுவை எப்போது மூடலாம்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலை ஒட்டிப் பிழைக்கும் ஒருவரின் கைபேசியில், எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன்பு தொடங்கிய வாட்ஸ்அப் குழு ஒன்றாவது கிடக்கும். 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாத காலத்தில் உருவானது அது. ஆலைக்காரர், போர்மேன், லாரி புக்கிங் அலுவலகத்துக்காரர், அட்டைப்பெட்டி அச்சடிப்பவர், வெளியூர் ஏஜென்ட், எப்போதோ தொழிலை விட்டுப் போனவர் என்று எல்லோரும் அதில் உண்டு. தொடங்கியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. காலை வணக்கப் படங்கள், பொங்கல் விழா அழைப்பு, ஒரு மரண அறிவிப்பு, அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவே எப்போதாவது ஒரு வேலைச் செய்தி. இதற்கிடையில் 1,024 பேர் கொள்ளும் புதுக் குழுவும், நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழுவும் வந்துவிட்டன. பழையதை மூடிவிடலாமா என்று யாராவது கேட்பார். ‘இருந்துட்டுப் போகட்டுமே, அது என்ன சோறா கேக்குது?’ என்று இன்னொருவர் சொல்வார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அப்படி நிற்கவிடக் கூடாத பேச்சு இது. பட்டாசு வட்டாரத்தில் ஒரு செய்தி எந்த வழியாகப் போகிறது, யாரை எட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதில் கூலியும் சரக்கும் அடங்கியிருக்கின்றன; சில நாள்களில் உயிரும் அடங்கியிருக்கிறது. பழைய தொடர்புச் சேவைக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கத்தை நிறைகுறைகளோடு எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. என் முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சேவைக்கு வயதாகிவிட்டது என்பதும், அதில் இப்போது யாரும் பேசுவதில்லை என்பதும் அதை மூடுவதற்குப் போதிய காரணங்கள் ஆகா. அது செய்துவந்த ஒவ்வொரு வேலையையும் வேறு யாராவது பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும். ஏற்றுக்கொண்டிருந்தால் தயங்காமல் மூடலாம், மூடவும் வேண்டும். இல்லாவிட்டால், வேலைகளைக் கைமாற்றும் வரை மூட உரிமை இல்லை.

மூடச் சொல்பவர்களின் வாதத்தை முதலில் கேட்போம். அது பொதுவாக நினைக்கப்படுவதைவிட வலுவானது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஓம் சக்தி பட்டாசு ஆலையில் நடந்த விபத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. முதலில் வெடித்தபோது உதவுவதற்கும் பார்ப்பதற்கும் சுற்றுவட்டார மக்கள் ஓடினார்கள். அடுத்து வெடித்தபோது அவர்களும் சிக்கிக்கொண்டார்கள். இறந்த ஏறத்தாழ 40 பேரில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். வாட்ஸ்அப் அன்றைக்குக் கிராமம்வரை வந்திருக்கவில்லை. இன்று அப்படி ஒன்று நேர்ந்தால் உடனே போக வேண்டிய செய்தி மூன்று சொல்தான்: ‘யாரும் கிட்டப் போகாதீங்க.’ அதைப் பழைய குழுவில் போடுவதா, புதுக் குழுவிலா? பழையதில் போட்டால் அதை ஒலியடக்கி வைத்திருப்பவர்கள் பார்க்கமாட்டார்கள். புதியதில் போட்டால் அதில் சேராதவர்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போட்டாலும், அனுப்பியவர் மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிட்டதாக நிம்மதி கொள்வார். இரண்டு குழுக்கள் பாதி உயிரோடு இருப்பதில் உள்ள ஆபத்து அந்த நிம்மதிதான். அச்சங்குளம் 2021-ல், ரெங்கபாளையம் 2023-ல், செங்கமலப்பட்டி 2024-ல், சின்னக்காமன்பட்டி 2025-ல் என்று விபத்துகள் தொடரும் இடத்தில் இதை வீண் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது வாதம் நம்பகம் பற்றியது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததும் அதே தீர்ப்புதான். தளங்கள் மூடிக்கொண்டாலும் வாங்குபவர்களின் ஆசை அடங்கவில்லை. விலைப்பட்டியலும் கிஃப்ட் பாக்ஸ் படங்களும் கைபேசிச் செய்திகளாகப் பறக்கின்றன. அந்த வழியில் போலிகளும் புகுந்துவிட்டார்கள்; தீபாவளி நெருங்கும்போதெல்லாம், மலிவு விலைப் பட்டாசு என்று நம்பிப் பணம் கட்டி ஏமாற வேண்டாம் என்று காவல்துறை எச்சரிக்கிறது. ஆலையின் பெயரைத் தாங்கிய, ஆனால் யாருடைய கண்காணிப்பிலும் இல்லாத பழைய குழு, இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்துகிடக்கும் வாசல். நிர்வாகி தூங்கும் குழுவில் தொழிலை விட்டுப்போனவரின் எண் இன்னும் இருக்கும். அந்த எண் பல மாதம் பயன்படாமல் கிடந்து வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். எப்போதோ ஏதோ பதிவுக்காக அனுப்பிய ஆதார் நகலும் அங்கே மேலே எங்கோ கிடக்கலாம்.

மூன்றாவது, சோறு கேட்காது என்ற பேச்சு. கேட்கிறது என்பதுதான் உண்மை. குறைந்த விலைக் கைபேசியில் இடம் நிரம்பிவிட்டதற்குக் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் எவ்வளவு காரணம் என்பது வீட்டில் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்து ‘இதைச் சரிபண்ணு’ என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய செலவு கவனம். ஐம்பது தேவையற்ற செய்திகளுக்கு நடுவே ஒரு தேவையான செய்தி வரும் இடத்தை மனம் மெல்லப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. பழகிய பிறகு அந்த ஒன்றும் கண்ணில் படாது.

இவ்வளவு நியாயம் இருந்தும் இந்த வழக்கம் நடைமுறையில் ஏன் அடிக்கடி தவறுகிறது? கணக்கை யார் போடுகிறார்கள் என்பதில் தவறு தொடங்குகிறது. சேவையை நடத்துபவர் தன் செலவையும் மொத்தப் பயன்பாட்டையும் பார்க்கிறார். பயன்படுத்துபவருக்கோ தனக்கு அது எந்த நாளில் வேண்டியிருந்தது என்பதே கணக்கு. இந்தியத் தந்திச் சேவையின் முடிவு இதற்கு நல்ல சான்று. 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனையாகத் தொடங்கிய தந்தி, 1985-ல் ஆண்டுக்கு ஆறு கோடிச் செய்திகளைச் சுமந்தது என்பார்கள். எஸ்டிடியும் கைபேசியும் வந்த பிறகு நாளொன்றுக்குச் சுமார் ஐயாயிரமாகச் சுருங்கியது. 2011-ல் கட்டணத்தை 50 சொல்லுக்கு 27 ரூபாயாக உயர்த்திப் பார்த்தும் நட்டம் அடைபடவில்லை. 2013 ஜூன் மாதம் பிஎஸ்என்எல் அறிவித்தது. ஜூலை 15 முதல் தந்தி இல்லை. சேவையைச் சுமந்தவரின் கணக்கில் இது சரியான முடிவு, சொல்லப்போனால் காலம் தாழ்ந்த முடிவு.

அவசரச் செய்தி சொல்லும் வேலையைத் தந்தியிடமிருந்து கைபேசி எப்போதோ வாங்கிவிட்டது. விருதுநகர்ச் சந்தையின் மிளகாய், பருப்பு, எண்ணெய் விலை தெரிந்துகொள்ள 2013-ல் யாரும் தந்தியலுவலக வாசலில் நிற்கவில்லை. வணிகர்களின் கடிதத்தாளில் ஒற்றைச் சொல்லாக அச்சாகியிருந்த தந்தி முகவரியும் அதற்கு முன்பே வழக்கொழிந்துவிட்டது. ஆனால் தந்திக்கு இரண்டாவதாக ஒரு வேலை இருந்தது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னாருக்கு, இன்ன செய்தி போனது என்பதற்கு அரசுத் துறை ஒன்று சாட்சியாக நின்றது. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 88-வது பிரிவு தந்திச் செய்தியைப் பற்றியே தனியாகப் பேசியது. வீட்டுக்குத் தெரியாமல் மணம் செய்துகொண்ட இணையர் காவல்துறைக்குத் தந்தி அடித்ததும், விடுப்பில் வந்த படைவீரர் நீட்டிப்புக் கேட்டுத் தந்தி அடித்ததும் வேகத்துக்காக அல்ல, பின்னாளில் காட்டுவதற்காக. எண்ணிக்கையில் மிகச் சிறிதாக இருந்த அந்த வேலையை யார் ஏற்பது என்பதற்கு, ஒரு மாத அவகாசத்தில் வந்த அந்த முடிவு விடை சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் அஞ்சல்துறை பதிவுத் தபாலைத் தனிச் சேவையாக நடத்துவதை நிறுத்தி ஸ்பீடு போஸ்டோடு இணைத்தது. பழைய பெயர் போனதில் பலருக்கு வருத்தம், கூடுதல் செலவென்று குறையும் உண்டு. ஆனால் பெயர் எழுதப்பட்டவரிடமே ஒப்படைக்கும் ‘பதிவு’ என்ற வேலையை, தனிக் கட்டணம் கட்டிப் பெறும் வசதியாக ஸ்பீடு போஸ்டுக்குள் கொண்டுவந்தார்கள். வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்ப வேண்டியவர் திகைத்து நிற்கவில்லை. சேவையை மூடுவதும் அதன் வேலையை மூடுவதும் வேறுவேறு என்பதை முதல் முடிவு கவனிக்கவில்லை, இரண்டாவது ஓரளவு கவனித்தது.

பட்டாசு வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜியோபோன். 2017-ல் 1,500 ரூபாய் திருப்பித்தரும் முன்பணத்துக்கு வந்த அந்தப் பட்டன் போனில் 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் வந்தது. தொடுதிரைக் கைபேசி வாங்க முடியாதவர்களும், வாங்க விரும்பாதவர்களும் அதனால் குழுக்களுக்குள் வந்தார்கள். பிறகு அந்தக் கைபேசியின் இயங்குதளமான காய்ஓஎஸ்ஸுக்கு வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2024 ஜூன் இறுதியில் புதிதாகப் பதிவிறக்க முடியாமல் போனது. 2025 தொடக்கத்தில், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் ஓடவில்லை. உலக அளவில் எண்ணினால் அவர்கள் சிறுபான்மை. நிறுவனத்தின் கண்ணில் அது ஓர் இயங்குதளத்தைக் கைவிடும் தொழில்நுட்ப முடிவு. கந்தகமும் அலுமினியத் தூளும் படிந்த கையோடு மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கோ, நேற்றுவரை வந்த குரல் செய்தி இன்று வரவில்லை என்பதுதான் தெரியும். குழு மூடப்படவில்லை, அதில் அவர் பெயர்கூட உடனே நீக்கப்பட்டிருக்காது. நிர்வாகியின் திரையில் உறுப்பினர் எண்ணிக்கை சில காலம் குறையாமல் அப்படியே இருக்கும். ஒரு சேவை எல்லோருக்கும் ஒரே நாளில் மூடப்படுவதைவிட, சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் மூடப்படுவது மோசம். மற்றவர்களுக்கு அது தெரியவே வராது.

இங்கே இந்தத் தொழிலின் தனித்தன்மை ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. உராய்வுக்கும் பொறிக்கும் அஞ்சும் இடத்தில் அது நியாயமான விதி. மருந்து செலுத்தும் அறையிலும் திரி செருகும் கொட்டகையிலும் காலையிலிருந்து மாலைவரை இருப்பவர்களுக்கு எந்தச் செயலியும் எட்டாது. அவர்களுக்குச் செய்தி சொல்வது போர்மேனின் குரலும் காவலாளி அடிக்கும் மணியும்தான். ஆக, குழுவில் போடப்படும் செய்தி பலருக்குக் குழு வழியாக வருவதில்லை. வாசலறையில் கைபேசி வைத்திருக்கும் ஒருவர், ஆலை வேன் ஓட்டுநர், ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், பள்ளிக்கூடம் போகும் மகள் என்று சில மனிதர்கள் அதை எடுத்து அடுத்தவருக்குச் சொல்கிறார்கள். இந்த மனிதச் சங்கிலி எந்த மென்பொருளின் புள்ளிவிவரத்திலும் வராது. பழைய குழுவில் 200 பேர் இருந்து அவர்களில் பத்துப் பேர் மட்டுமே செய்தி படிக்கிறார்கள் என்றால், அந்தப் பத்தில் நான்கு பேர் இப்படிப்பட்டவர்களா என்று பார்க்காமல் அதைச் செத்த குழு என்று சொல்லக் கூடாது. இருநூறு பேரைப் புதுக் குழுவுக்கு மாற்றி, இந்த நான்கு பேரைத் தவறவிட்டால், நகர்ந்தது எண்ணிக்கை மட்டும்தான்.

அரசின் எச்சரிக்கை முறை வந்துவிட்ட பிறகு குழு எதற்கு என்ற கேள்வி எழலாம். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சோதனை அது. ஒரு பகுதியின் கோபுரங்களுக்குக் கீழே இருக்கும் கைபேசிகளுக்கெல்லாம், எண்ணும் செயலியும் குழுவும் தேவையில்லாமல், நேராகச் செய்தி போகும் முறை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் இது பெரிய வரம். ஆனால் அதற்கான பொத்தான் அதிகாரிகளின் கையில் இருக்கிறது. மண்குண்டாம்பட்டிச் சாலையில் ஓர் ஆலையில் புகை வந்த முதல் ஐந்து நிமிடத்தில் ‘எந்த ஆலை?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அது பயன்படாது. பதில் சொல்லக்கூடியவர் பக்கத்து ஆலைக்காரர். அவர் எந்தக் குழுவில் இருக்கிறாரோ, அந்தக் குழுதான் அந்த ஐந்து நிமிடத்துக்கு உதவும்.

நினைவு சார்ந்த வேலை அடுத்தது. இதில் தமிழர்களுக்குக் கசப்பான அனுபவம் உண்டு. இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டில் ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற யாகூ குழுக்களில் தமிழ் எழுத்தாளர்களும் வாசகர்களும் இரவுபகலாகப் பேசினார்கள். 2019 அக்டோபரில் யாகூ நிறுவனம், குழுக்களில் சேர்ந்திருந்த உள்ளடக்கம் டிசம்பரில் அழிக்கப்படும் என்றது. எதிர்ப்புக்குப் பிறகு 2020 ஜனவரி இறுதிவரை அவகாசம் நீண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று சேவை முழுதாக நின்றது. பதினெட்டு இருபது ஆண்டுப் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் கொடுத்தது இரண்டு மாதம். அதிலும் தமிழுக்குக் கூடுதல் தொல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்பு டிஸ்கி போன்ற குறிமுறைகளில் எழுதப்பட்டவற்றைப் பதிவிறக்கி வைத்தாலும், மாற்றி அமைக்காமல் இன்று படிக்க முடியாது. இலவசமாகக் கிடைத்த இடத்தில் வைத்த பொருளுக்கு இடத்துக்காரர் பொறுப்பல்ல என்று சட்டம் பேசலாம். ஆனால் இடம் கொடுத்தவர் வளர்ந்ததே அங்கே வந்து பேசியவர்களால்தான்.

பட்டாசுக் குழுக்களில் இலக்கியம் இல்லை. எனினும் அங்கே சேர்வதற்கும் மதிப்பு உண்டு. எந்த ஆண்டு எந்த ரகம் என்ன விலைக்குப் போனது, எந்த லேபிள் வடிவத்தை யார் முதலில் கேட்டார், சரக்கு எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்பதெல்லாம் சிதறலாக அங்கே இருக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர் கையிலும் நடக்கும் இடங்களில், விபத்துக்குப் பிறகு யார் யாருக்கு வேலை செய்தார் என்ற கேள்வி எழும். வருகைப் பதிவேடு எரிந்திருக்கலாம், அல்லது முதலிலேயே சரியாக எழுதப்பட்டிருக்காது. அப்போது ‘நாளைக்கு எட்டுப் பேர் வரணும்’ என்ற ஒரு பழைய செய்தி இழப்பீடு கேட்கும் குடும்பத்துக்குத் துணை நிற்கக்கூடும். குழுவை மூடச் சொல்பவர் யார் என்று பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய பதிவுகள் மறைந்தால் யாருக்கு வசதி என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு மூடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் குழுவை விட்டு வெளியேறினாலும் செய்திகள் அவரவர் கைபேசியில் தங்கும் என்பது ஆறுதல்தான். ஆனால் கைபேசி மாறும்போதும், இடம் போதாமல் அழிக்கும்போதும் அந்த ஆறுதல் கரைந்துவிடும்.

இத்தனை சிக்கல் இருப்பதால் நடுவழி ஒன்றைப் பலர் தேர்கிறார்கள்: பழையதையும் வைத்துக்கொள்வோம், புதியதையும் நடத்துவோம். மூடுவது, மூடாமல் விடுவது, இரண்டையும் நடத்துவது என்ற மூன்றிலும், கேட்க நியாயமாக இருக்கும் இந்த வழிதான் பலவீனமானது. முதல் மாதம் எல்லாச் செய்தியையும் இரண்டிலும் போடுவார்கள். மூன்றாம் மாதம் முக்கியமானதை மட்டும் இரண்டிலும் போடுவார்கள். ஆறாம் மாதம் எது முக்கியம் என்பது போடுபவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடும். இரண்டு இடத்திலும் இருப்பவர்களுக்கு எல்லாம் இருமுறை வருவதால் இரண்டையுமே ஒலியடக்கிவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் முடியும் என்று சொல்லாத இணைநடத்தலுக்கு, முடிவெடுக்கத் தயங்கியதைத் தவிர வேறு பொருள் இல்லை.

நன்றாகச் செய்யப்பட்ட ஓய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு வெளியுலகில் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐஆர்சி என்ற பழைய அரட்டைச் சேவையை நடத்தியது. புதிதாக வருபவர்களுக்கு அது கடினமாக இருக்கிறது, வசைபாடிகளைத் தடுக்க முடியவில்லை என்று 2019 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார்கள். மாற்றாக வருவதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். பார்வையற்றவர்கள் போன்றோருக்கும் பயன்பட வேண்டும் என்பது அதில் ஒன்று. நான்கு சேவைகளைச் சில வாரம் எல்லோரும் பயன்படுத்திப் பார்க்கும்படி வைத்து, கருத்துக் கேட்டு, அவற்றில் ஒன்றான மேட்ரிக்ஸை டிசம்பரில் தேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் பழையது அணைக்கப்பட்டது. அறிவிப்புக்கும் அணைப்புக்கும் இடையே ஏறத்தாழ பத்து மாதம். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பை மூடியபோதும், பழைய கணக்கைக்கொண்டே டீம்ஸுக்குள் நுழையவும், பழைய உரையாடல்களை அங்கே காணவும் வழிவைத்தது. ஆனால் அங்கே மாற்று எது என்பதை நிறுவனமே முடிவுசெய்துவிட்டது. மொசில்லாவின் முறையில் மெச்ச வேண்டியது, காரணத்தையும் தகுதியையும் முதலில் சொல்லிவிட்டுப் பொருளைப் பிறகு தேர்ந்த வரிசைதான்.

ஆனால் அந்த முறையையும் அப்படியே சிவகாசிக்குக் கொண்டுவர முடியாது. மொசில்லாவின் மக்கள் கணினியின் முன்னால் அமர்பவர்கள், கருத்து எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இங்கே குழு மூடப்பட்டால் அதிகம் இழக்கப்போகிறவர் குழுவில் வாய் திறக்காதவர். குழுவில் போடும் வாக்கெடுப்பில் அவர் விரல் விழாது. ‘மூடலாமா, பதில் போடுங்க’ என்று கேட்டு இரண்டு நாளில் கட்டைவிரல்களை எண்ணி முடிவெடுப்பது, நாட்டாமை திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது போலத்தான். கேட்க வேண்டியது வேன் நிற்கும் இடத்தில், சம்பள நாள் மாலையில், நேருக்கு நேர். கேள்வியும் ‘வேண்டுமா வேண்டாமா’ என்று இருக்கக் கூடாது. ‘போன வருஷம் இந்தக் குழு வழியா உனக்கு என்ன தெரிய வந்தது? அது இல்லாவிட்டால் யார் சொல்லியிருப்பார்?’ என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

அந்தப் பதில்களைக்கொண்டு வேலைகளின் பட்டியல் ஒன்று போடலாம். ஆலை விடுமுறை சொல்வது, விபத்தின்போது ஒதுங்கச் சொல்வது, ரத்தம் தேவையென்றால் கேட்பது, சரக்கும் விலையும் பேசுவது, துக்கம் தெரிவிப்பது, பழைய பதிவைக் காப்பது என்று ஏழெட்டுத்தான் தேறும். ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு மனிதரின் பெயர் வேண்டும். செயலியின் பெயர் போதாது. விபத்துச் செய்திக்கு இன்ன குழு, அதில் போடுபவர் இன்னார், அவர் இல்லாவிட்டால் இன்னார், பட்டன் போன்காரர்களுக்குக் கூப்பிட்டுச் சொல்பவர் இன்னார் என்று எழுத வேண்டும். சில வேலைகளுக்கு எதிரே யாரும் தேவையில்லை என்றும் தெரியவரலாம். காலை வணக்கம் யார் பொறுப்பும் இல்லாமலே வந்துகொண்டிருக்கும். பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்கும்வரை மூடும் தேதி குறிக்கக் கூடாது.

தேதியிலும் தொழிலின் ஆண்டுச் சுழற்சியைப் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கு தொட்டு ஐப்பசிவரை ஆர்டரும் ஏற்றுமதியும் வசூலும் நெருக்கும். மேலிடத்து மென்பொருள் நிறுவனங்கள் நிதியாண்டைப் பார்த்துத் தேதி குறிக்கலாம், இங்கே தீபாவளியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் சில நாள் ஓய்ந்து, பூஜை போட்டு மறுபடி தொடங்கும் இடைவெளிதான் மாற்றத்துக்கு உகந்தது. அன்று பழைய குழுவை நிர்வாகி மட்டும் எழுதும்படி மாற்றி, புது இடமும் பொறுப்பாளர்களின் எண்களும் கொண்ட ஒரே ஒரு செய்தியை மேலே பொருத்தி வைக்கலாம். உரையாடலை ஏற்றுமதி செய்து இரண்டு பேர் பொறுப்பில் காக்கலாம். அடையாள ஆவணங்களை மட்டும் அழித்துவிட வேண்டும். கோடை வெயிலும் இடிமின்னலும் விபத்து அச்சம் கூட்டும் மாதங்களை அந்தப் புது ஏற்பாடு ஒருமுறை கடந்து, அடுத்த ஆடிப்பெருக்கு வரும்போது, பழைய நிர்வாகியைத் தனியாக அழைத்து ‘இதை எங்க கேக்கறது?’ என்று யாரும் கேட்கவில்லை என்றால் முழுதாக மூடிவிடலாம். யாராவது கேட்டிருந்தால் பட்டியலில் விட்டுப்போன வேலை எது என்று அவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.

ஓய்வு கொடுக்கும் வழக்கம் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆளில்லாத, பொறுப்பில்லாத, பாதி உயிருள்ள தொடர்புகளைச் சுமந்துகொண்டு திரிவது பாசத்தின் பெயரால் செய்யும் அலட்சியம். அந்த வழக்கத்தின் குறை, அது சராசரி நாளைப் பார்த்து முடிவெடுப்பது. சராசரி நாளில் தந்தி தேவைப்படவில்லை, பட்டன் போனின் வாட்ஸ்அப் தேவைப்படவில்லை, பழைய குழுவும் தேவைப்படாது. வெடிமருந்தோடு வாழும் ஊர்கள் தங்கள் கட்டடங்களின் இடைவெளியையும், கதவு திறக்கும் திசையையும், ஓர் அறையில் இருக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையையும் மிக மோசமான நாளை மனத்தில் வைத்துத்தான் விதித்திருக்கின்றன. செய்தி போகும் வழிக்கும் அதே அளவுகோலை வைக்கச் சொல்வது மிகையான கோரிக்கை ஆகாது. அந்த நாளில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவருக்கு யார், எப்படிச் சொல்வார் என்று ஆலைக்காரரும் போர்மேனும் ஒரே பதிலைச் சொன்னால் பழைய குழுவை மூடும் வேலையை இந்தத் தீபாவளி முடிந்ததுமே தொடங்கலாம். இருவரும் வேறுவேறு பதில் சொன்னால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.